காருக்குள் ஓர் ஒற்றன்!

26 சென்ட்! அமெரிக்க டாலர் ஒன்றைச் சில்லறை மாற்றினால் 100 சென்ட். அதிலே கால் பங்கு, அதற்கு மேல் ஒரே ஒரு சென்ட். நம் நாட்டுப் பணத்தில் 20 ரூபாய்க்குச் சற்று அதிகம். டீக்கடையில் இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு டீ குடிக்கலாம்; அவ்வளவுதான் அதன் பெறுமானம்.

இந்த 26 சென்ட்டுக்கு அமெரிக்காவில் ஒரு சரக்கு கைமாறியது. விற்றது ஹோண்டா கார்க் கம்பெனி. வாங்கியது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் புள்ளிவிவரம் திரட்டிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வெரிஸ்க் என்ற கம்பெனி. என்ன சரக்கு? எஞ்சினா? டயரா? ஒரு நட்டு போல்ட்டாவது உண்டா? எதுவும் இல்லை, தோழர்களே! காசு கொடுத்துக் காரை வாங்கிய மனிதன் அந்தக் காரை எப்படி ஓட்டினான் என்ற கணக்கு. அதுதான் சரக்கு! 2020 முதல் 2024 வரை 97,000 கார்களின் கணக்கைக் கொடுத்து 25,920 டாலர் வாங்கியிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், காருக்கு 26 சென்ட் வரும். ஹூண்டாய் கம்பெனி சற்றே கெட்டி: 2018 முதல் 2024 வரை 17 லட்சம் கார்கள், வாங்கிய தொகை 10 லட்சத்து 43 ஆயிரம் டாலர், காருக்கு 61 சென்ட். (நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் செய்கிற அதே ஹூண்டாய்தான். ஆனால் இங்கே சொல்லப்படுவது அமெரிக்கச் சாலையில் ஓடிய கார்களின் கணக்கு.)

இது நாம் கட்டிவிட்ட கதையல்ல. அமெரிக்க செனட் சபை உறுப்பினர்களான ரான் வைடன், எட்வர்ட் மார்க்கி இருவரும் 2024 ஜூலையில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தில் கண்ட கணக்கு.

இவ்வளவு மலிவாக ஏன் விற்றார்கள் என்று தோன்றும். சொந்தப் பொருளை விற்கிறவன் பேரம் பேசுவான், விலை கட்டாவிட்டால் மடியில் கட்டிக்கொண்டு திரும்புவான். ஊரான் பொருளை விற்கிறவனுக்கு என்ன கவலை? வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். அவனுக்கு வந்ததெல்லாம் லாபம்தானே!

பழைய காரில் வேகத்தைக் காட்ட ஒரு முள் இருந்தது. ஓடிய தூரத்தைக் காட்ட ஓர் எண் இருந்தது. இரண்டும் ஓட்டுகிறவன் கண்ணுக்காக இருந்தவை. இன்றைய காரில் செல்போனில் இருப்பது போலவே ஒரு சிம் கார்டு உட்கார்ந்திருக்கிறது. செயற்கைக்கோளைக் கொண்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டறியும் கருவி இருக்கிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தான், ஆக்ஸிலேட்டரை எவ்வளவு வேகமாகக் கொடுத்தான், எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தான், எத்தனை மணிக்கு நிறுத்தினான், எல்லாவற்றையும் குறித்து, சிம் கார்டு வழியே கம்பெனியின் கணினிக்கு அனுப்புகிறது. அந்த முள் ஓட்டுகிறவனிடம் பேசியது. இந்தக் கருவி அவனைப் பற்றி இன்னொருவனிடம் பேசுகிறது.

தொடக்கம் நல்ல காரியத்திற்காகத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1996-இல் ஆன்ஸ்டார் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விபத்தில் காற்றுப்பை விரிந்தால் செய்தி தானாகவே கம்பெனி ஆபீசுக்குப் போகும்; அங்கிருந்து உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். இதை யார் குறை சொல்வார்? உயிர் காக்கும் ஏற்பாட்டை நாமும் வரவேற்கிறோம். ஆனால் உதவிக்காகத் திறந்த கதவு உளவுக்கும் பயன்பட்டது. ஸ்மார்ட் டிரைவர் என்ற பெயரில் இன்னொரு ஏற்பாட்டை அதோடு சேர்த்தார்கள். "நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை நீங்களே பார்க்கலாம், உங்கள் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறவனிடம் சொன்னார்கள். அந்தக் கணக்கு வெரிஸ்க்குக்கும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற இன்னொரு தகவல் வியாபாரிக்கும் போய், அங்கிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மேசைக்கு ஏறும் என்பதைப் பளிச்சென்று சொன்னார்களா? அதுதான் இல்லை!

258 பக்கக் கோப்பு

வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர். ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே போல்ட் காரை ஓட்டியவர். தம்மால் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை என்கிறார். 2022-இல் அவருடைய இன்ஷூரன்ஸ் பிரிமியம் திடீரென்று 21 சதவிகிதம் ஏறியது. வேறு கம்பெனிகளிடம் போய்க் கேட்டார். அங்கும் அதே ஏற்றம். கடைசியில் ஓர் ஏஜெண்ட் வாய் தவறியோ, மனம் இரங்கியோ, "லெக்ஸிஸ்நெக்ஸிஸ் கோப்பும் ஒரு காரணம்" என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் 1970-இல் செய்த சட்டம் ஒன்று இருக்கிறது. கடன் கொடுப்பவனும் இன்ஷூரன்ஸ் கொடுப்பவனும் பார்ப்பதற்காக ஒருவனைப் பற்றி எவன் கோப்பு வைத்திருந்தாலும், சம்பந்தப்பட்டவன் கேட்டால் அதைக் காட்டியாக வேண்டும். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இவர் கேட்டார். வந்து சேர்ந்தது 258 பக்கம்! அதில் 130 பக்கத்துக்கு மேல், முந்தைய ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் காரில் போய்வந்த ஒவ்வொரு பயணத்தின் விவரம். மொத்தம் 640 பயணங்கள். புறப்பட்ட நேரம், நின்ற நேரம், எத்தனை மைல், எங்கே வேகம் மிஞ்சியது, எத்தனை தடவை சடக்கென்று பிரேக் விழுந்தது, எத்தனை தடவை விருட்டென்று கிளம்பியது. எந்த இடத்துக்குப் போனார்கள் என்பது ஒன்றுதான் அதில் இல்லை. கட்டிய மனைவி மளிகைக் கடைக்குப் போய்வந்த நேரம் கணவனுக்கு நினைவிருக்காது. கம்பெனியின் கோப்பில் இருந்தது!

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 20 முதல் அந்த இரண்டு வியாபாரிகளுக்கும் கணக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. ஸ்மார்ட் டிரைவர் ஏற்பாட்டையும் கைவிட்டது. நாம் கேட்கிறோம்: நியாயமான காரியம் என்றால் ஏன் நிறுத்த வேண்டும்? நிறுத்தவேண்டிய காரியம் என்றால் பத்திரிகையில் வரும்வரை ஏன் செய்ய வேண்டும்?

"அவர்கள் சம்மதம் கொடுத்திருந்தார்கள்" என்பது கம்பெனிகளின் பதில். சம்மதம்! அந்தச் சொல்லைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். காரை வாங்குகிற நாளில் மனிதன் எந்த மனநிலையில் இருப்பான் என்பது நமக்குத் தெரியாததா? கடன் பத்திரம், பதிவுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் பத்திரம் என்று அடுக்கடுக்காகக் காகிதம். சாவி கைக்கு வந்தால் போதும் என்றிருக்கும். அந்த நேரத்தில் ஒரு திரையை நீட்டி, பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தை ஓடவிட்டு, அடியில் ஒரு பட்டன் வைத்தால் யார் படிப்பார்கள்? பட்டனைக்கூடச் சில இடங்களில் ஷோரூம் ஆளே தட்டிச் சேர்த்துவிட்டான் என்று அதே பத்திரிகை 2024 ஏப்ரலில் எழுதியது. "சேராவிட்டால் காரின் பாதுகாப்பு வசதிகள் நின்றுவிடும்" என்று வாங்க வந்தவர்களை நம்பவைத்தார்கள் என்பது, டெக்ஸாஸ் மாநிலம் 2024 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது போட்ட வழக்கின் குற்றச்சாட்டு. ஒரு கோடியே 40 லட்சம் வாகனங்களுக்கு மேல் இப்படிக் கணக்கெடுக்கப்பட்டன என்கிறது அந்த மனு.

ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 செப்டம்பரில் மோசில்லா அறக்கட்டளை 25 கார்ப் பெயர்களை எடுத்து, வாங்கியவரின் அந்தரங்கத்தை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று பரீட்சை வைத்தது. 25-இல் ஒன்றுகூடத் தேறவில்லை.

தராசு யார் கையில்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பேசுவதுதான் முறை. "ஒழுங்காக ஓட்டுகிறவனுக்குக் குறைந்த பிரிமியம், கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு அதிகம். இதில் என்ன அநியாயம்?" என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சில் சாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நெடுங்காலமாக இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எதைப் பார்த்து விலை போடுகின்றன? எந்தப் பேட்டையில் குடியிருக்கிறான், கடன் வாங்கித் திருப்பிய வரலாறு என்ன, என்ன வேலை பார்க்கிறான் என்றெல்லாம் பார்த்துத்தான். கடன் மதிப்பெண்ணைப் பார்த்துக் கார் இன்ஷூரன்ஸ் விலை போடக் கூடாதென்று கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் தடுத்திருக்கின்றன; ஏனைய மாநிலங்களில் பெரும்பாலும் அந்த வழக்கம் நடக்கிறது. ஏழைப் பேட்டையில் குடியிருக்கும் நிதானமான ஓட்டுநர் ஒருவர், "என் வீட்டைப் பார்க்காதே, என் ஓட்டத்தைப் பார்" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தாமாக முன்வந்து, விவரம் அறிந்து, இந்தக் கணக்கைக் கொடுத்துச் சலுகை வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை.

நம் கேள்வி வேறு. எடை போடுகிற தராசு யார் கையில் இருக்கிறது? தட்டில் எதை வைக்கிறார்கள்?

தெருவில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது. ஓட்டுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கிறான். குழந்தை பிழைக்கிறது. பெற்றவள் கைகூப்புகிறாள். கார் என்ன குறித்துக்கொள்கிறது? "கடுமையான பிரேக், ஒன்று." அவ்வளவுதான்! குழந்தை கணக்கில் வராது. மெத்தனமாக ஓட்டிச் சுவரில் மோத இருந்தவனுக்கும் அதே ஒன்று, குழந்தையைக் காத்தவனுக்கும் அதே ஒன்று. இந்தத் தராசுக்குக் கண் இல்லை; ஆனால் விலை போடுகிற வாய் இருக்கிறது.

அடுத்தது நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். ஜெனரல் மோட்டார்ஸ் திரட்டிக் கொடுத்த விவரங்களில் பின்னிரவில் காரோட்டுவதும் ஒன்று என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையமே சொல்கிறது. பின்னிரவில் ஓட்டுவது ஆபத்து என்பது இன்ஷூரன்ஸ்காரன் கணக்கு. குடித்துவிட்டுக் கூத்தடித்துத் திரும்புகிறவன் ஓட்டுவது ஆபத்துதான். ஆனால் இரவு 2 மணிக்கு அமெரிக்கச் சாலையில் வேறு யார் போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் ஷிப்டு முடிந்த நர்ஸ் போகிறாள். ஆபீஸ் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவன் போகிறான். கிடங்கில் பெட்டி தூக்கியவன் போகிறான். விடிவதற்குள் ரொட்டி சுட அடுப்பு மூட்டப் போகிறவன் போகிறான். இரவு ஷிப்டை அவனா விரும்பிக் கேட்டான்? ஷிப்டு போட்டது முதலாளி. இரவு வேலையின் லாபம் முதலாளிக்கு. அந்த இரவுக்கான கூடுதல் பிரிமியம் மட்டும் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து!

"பிடிக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் இருக்கலாமே" என்று சொல்ல முடியாது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற விதிவிலக்கு நீங்கலாக, இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரோட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். "காரே வேண்டாம்" என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸும் ரயிலும் போகாத ஊர்கள் எத்தனையோ. கார் இல்லை என்றால் வேலை இல்லை. சட்டம் பிடித்துத் தள்ளுகிறது. வயிறு பிடித்துத் தள்ளுகிறது. தள்ளிய இடத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கோப்போடு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் எந்தக் காலத்தில்? 2024 மார்ச்சுக் கணக்கில் அமெரிக்காவில் மோட்டார் இன்ஷூரன்ஸ் விலை ஓராண்டில் 20 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்த காலத்தில்! அந்த ஏற்றம் முழுவதும் இந்த உளவால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. பழுதுபார்க்கும் கூலி, உதிரி பாகங்களின் விலை எல்லாம் அதில் இருக்கின்றன. ஏறிய விலையில் எது எதற்கு என்று கட்டுகிறவனுக்குத் தெரியாது என்பதுதான் நம் புகார்.

காரைக்கூட விட்டுவிடுங்கள், சட்டைப் பையில் இருக்கும் செல்போனே போதுமாம். ஆல்ஸ்டேட் என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மீதும் அதன் துணைக் கம்பெனியான ஆரிட்டி மீதும் 2025 ஜனவரியில் டெக்ஸாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவும், பெட்ரோல் எங்கே மலிவு என்று பார்க்கவும் மக்கள் செல்போனில் வைத்திருந்த செயலிகளுக்குள், அவர்களுடைய அசைவைக் குறிக்கும் நிரலை நுழைத்து, நாலரைக் கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் கணக்கைத் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸிலோ டாக்ஸியிலோ பயணியாக உட்கார்ந்து போனவனைக்கூட அந்த நிரல் ஓட்டுநர் என்று எண்ணிக்கொள்ளும் என்கிறது வழக்கு மனு. பஸ் டிரைவர் பிரேக் அடித்தால் பின்சீட்டில் தூங்கியவன் பெயரில் பற்று!

சரி, அரசாங்கம் என்ன செய்தது? கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது நடவடிக்கை அறிவித்தது. மூன்று விநாடிக்கு ஒருமுறைகூடக் கார் நிற்கும் இடத்தைக் குறித்தார்கள், மக்களைக் குழப்பிச் சேர்த்தார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. உத்தரவு என்ன? ஐந்தாண்டுக்கு ஓட்டுநர் கணக்கையும் இருப்பிடக் கணக்கையும் இத்தகைய கோப்பு வியாபாரிகளுக்குக் கொடுக்கக் கூடாது. வெளிப்படையான சம்மதம் பெறாமல் திரட்டக் கூடாது. கேட்கிறவருக்கு அவரவர் கணக்கைக் காட்ட வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். ஆனால் அபராதம் என்று ஒரு சென்ட்கூட அதில் இல்லை! ஏறிய பிரிமியத்தைக் கட்டித் தீர்த்தவனுக்கு அந்த உத்தரவால் திரும்பிவந்ததும் ஒன்றுமில்லை. அவன் தனியே வழக்காடித்தான் பெற வேண்டும். அப்படிப் போடப்பட்ட வழக்குகளை 2024-இல் ஒன்றாகக் கட்டி அட்லாண்டா நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, அதே அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநில மக்கள் 1988-இல் நேரடி வாக்கெடுப்பில் 103-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி எதிர்த்தன. இருந்தும் தீர்மானம் வென்றது. முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் செய்த விபத்து, விதிமீறல் பற்றிய பதிவு. அடுத்து ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறார். அதற்கடுத்து எத்தனை ஆண்டு அனுபவம். இவற்றையே முதன்மையாக வைத்துக் கார் இன்ஷூரன்ஸ் விலை போட வேண்டும் என்று மக்கள் விதித்தார்கள். அதனால்தான் அந்த மாநிலத்தில் கருவியைக் கொண்டு ஓடிய மைலை அளக்கலாமே தவிர, பிரேக்கையும் இரவையும் எண்ணி விலை ஏற்ற முடியாது. கார் பேசுவது எப்போதிலிருந்தோ நடக்கட்டும். எதைக் கேட்டு விலை போடலாம் என்பதை வாக்குச்சீட்டு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது.

"இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல். 2022 ஜூலையில் நம் நாட்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம், ஓடிய தூரத்துக்கும் ஓட்டுகிற விதத்துக்கும் தக்கபடி பிரிமியம் வாங்க இங்குள்ள கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசிக்குத்தான் அது. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸுக்கு அரசு அறிவிக்கும் விலைதான். விரும்பினால் எடுக்கலாம் என்பதும் உண்மை. கணக்கை விற்கிற பழக்கமும் நமக்குப் புதிதல்ல. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரத் தொகுப்பை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் பெற்றதாக மத்திய அரசு 2019-இல் மாநிலங்களவையில் பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கொள்கை 2020-இல் கைவிடப்பட்டது. கொடுத்த விவரம் திரும்பிவந்ததா என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

2023-இல் நாடாளுமன்றம் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான பிரிவுகள் நடப்புக்கு வர அதிலிருந்து 18 மாதம். அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை இன்னொரு நாள் எழுதலாம். ஆனால் நம் கைக்கு உதவும் ஒரு வரி அதில் இருக்கிறது. எதற்காக விவரம் கேட்கிறோம் என்ற அறிவிப்பை, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி எதில் வேண்டும் என்று கேட்டாலும் அந்த மொழியில் படிக்க வழி செய்ய வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது.

நாளை ஷோரூமில் பளபளக்கும் திரையை நீட்டி, "இங்கே தொடுங்க சார்" என்பார்கள். வண்டி ஓட்டிப் பிழைக்கிற தோழரின் கையில் கால் டாக்ஸிக் கம்பெனி செல்போனைக் கொடுத்து, "ஓகே போடுங்க" என்னும். என் கணக்கு யாருக்குப் போகிறது, என் இன்ஷூரன்ஸ்காரனுக்குப் போகிறதா, வேண்டாம் என்றால் எங்கே சொல்லி நிறுத்துவது என்பதெல்லாம் அச்சில் இருக்க வேண்டும், அதுவும் தமிழில் இருக்க வேண்டும். சட்டம் முழுதாக நடப்புக்கு வருகிற நாள்வரை காத்திராமல், ஓட்டுநர் சங்கங்கள் அந்தத் தமிழ்த் தாளை இப்போதே கேட்டு வாங்கட்டும்.